வெள்ளைக்கல்லும் வைரக்கல்லும்

மதுரை மாநகரின் தென்கோடியில், விமான நிலையத்துக்குப் போகும் பாதையில், அவனியாபுரம் என்னும் ஊர் இருக்கிறது. தை மாதம் முதல் தேதியன்று தமிழ்நாட்டின் கண்களெல்லாம் இவ்வூரின்மீது விழும். பாலமேட்டுக்கும் அலங்காநல்லூருக்கும் முன்னால், பொங்கலன்றே வாடிவாசல் திறப்பது இங்கேதான். வருஷத்தின் மற்ற நாட்களில் அவனியாபுரம் தன் வேலையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறது. முன்பு தனி ஊராக இருந்தது, இப்போது மதுரை மாநகராட்சிக்குள் அடங்கிவிட்டது.

இவ்வூரை ஒட்டி வெள்ளைக்கல் என்று ஓர் இடம் உண்டு. ஜனங்கள் வாயில் அது வெள்ளக்கல். பெயரைக் கேட்டால் ஏதோ ரத்தின பூமி என்று தோன்றும். உண்மையில், மதுரை நகரத்துக் குப்பையெல்லாம் வந்து குவிகிற இடம் அது. வைரத்தைப் பற்றி எழுத வந்தவன் குப்பைமேட்டில் ஆரம்பிப்பானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. நகைக் கடைக்காரர்களுடைய பாஷையிலும் 'வெள்ளைக்கல்' என்று ஒரு வார்த்தை உண்டு. வைரம்போல் மின்னும், ஆனால் வைரமல்லாத கல்லுக்கு அது பெயர். அந்த வார்த்தையை நான் முதன்முதலாக மனத்தில் வாங்கிக்கொண்டது அவனியாபுரத்து நண்பர் ஒருவரோடு மதுரைக் கடைவீதிக்குப் போன ஒரு சனிக்கிழமையன்றுதான்.

நண்பர் சிறிய பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவருடைய மூத்த பெண்ணுக்கு வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்திருந்தது. கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்து பயமுறுத்தின. அந்தச் சமயத்தில் அவருடைய தாயார், பெட்டியிலிருந்து ஒரு சிறு டப்பியை எடுத்து அவர் கையில் கொடுத்தாராம். அதற்குள் இருந்தது ஏழுகல் தோடு. நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு, இரண்டு காதுக்குமாகப் பதினான்கு கற்கள்.

"அப்பா 1965-ல் ஆத்தாவுக்குப் போட்டது, வாத்தியாரையா. அசல் ப்ளூ ஜாகர்! ஆனால் இதன் விலை நமக்கு எங்கே தெரிகிறது? நீங்கள் ரசாயனம் சொல்லிக்கொடுக்கிறவர். கூட வந்தால் தைரியமாக இருக்கும்" என்றார்.

ரசாயனத்துக்கும் வைர வியாபாரத்துக்கும் இருக்கும் தூரத்தை அவருக்கு நான் விளக்கவில்லை. டப்பியை அவர் சட்டைப் பையில் வைத்து, பையை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். இருவரும் பஸ் ஏறினோம்.

வில்லாபுரம் கடந்து, தெற்குவாசலில் இறங்கி, அங்கிருந்து நடந்தோம். மதுரையில் நகைக் கடைகள் நெருங்கியிருப்பது தெற்கு ஆவணி மூல வீதியில். அவனி வேறு, ஆவணி வேறு என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அவனி என்றால் பூமி; ஆவணியோ மாதத்தின் பெயர். ஆவணி மூலத் திருவிழாவின்போது சுவாமி எழுந்தருளும் வீதி என்பதால் இந்தப் பெயர். அத்திருவிழாவில் சோமசுந்தரக் கடவுளின் திருவிளையாடல்களை நாளுக்கு ஒன்றாக நடத்திக் காட்டுவார்கள். அவற்றில் ஒன்று மாணிக்கம் விற்ற லீலை.

பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் அந்தக் கதை வருகிறது. வேட்டைக்குப் போன வீரபாண்டியனைப் புலி கொன்றுவிடுகிறது. அரண்மனையில் இருந்த நவமணிகளையும் மகுடத்தையும் வேண்டாதவர்கள் கவர்ந்துகொண்டு போய்விடுகிறார்கள். பாலகனான இளவரசனுக்கு முடிசூட்ட வேண்டும். மகுடம் செய்யக் கல் இல்லை. அப்போது சொக்கநாதர் ஒரு ரத்தின வியாபாரியாக வந்து நிற்கிறார். வந்தவர் கற்களை அள்ளிக் கொடுத்துவிட்டு மறையவில்லை. வலன் என்ற அசுரனின் உடலிலிருந்து நவமணிகள் பிறந்த வரலாற்றைச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் குணம் இன்னது, குற்றம் இன்னது என்று விரித்துரைத்து, அதற்குப் பிறகே கொடுக்கிறார். அந்த வரலாற்றின்படி வைரம் அசுரனுடைய எலும்பு. கடவுளே கடை விரித்தாலும், வாங்குகிறவனுக்குக் கல்லின் இலக்கணம் தெரிந்திருக்க வேண்டும் என்பது மதுரையின் கொள்கை போலும்!

இந்தக் கொள்கை அதற்கும் பழமையானது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரை நகரைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில் ரத்தினக் கடைவீதி ஒன்று வருகிறது. அங்கே வைரத்தைப் பற்றிச் சொல்லும் இளங்கோவடிகள், அது மின்னியது, ஜொலித்தது என்று தொடங்கவில்லை. காகபாதம், களங்கம், விந்து, ரேகை என்ற நான்கு குற்றங்களும் இல்லாதது என்றுதான் தொடங்குகிறார். காகபாதம் என்பது காக்கையின் கால்போல் கிளைத்த கீற்று. களங்கம் என்பது கறை. விந்து என்பது புள்ளி. ரேகை என்பது கோடு. காகபாதம் உள்ள வைரம் குடும்பத்துக்கு ஆகாது என்று இன்றைக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லுகிறார்கள். தோடு வாங்கினால் சில நாள் வீட்டில் வைத்திருந்து, 'ஒத்துக்கொள்கிறதா' என்று பார்த்த பிறகே பணத்தைத் தீர்க்கிற வழக்கமும் பல குடும்பங்களில் உண்டு. இதையெல்லாம் வெறும் மூடநம்பிக்கை என்று நான் சிரித்ததுண்டு. அன்றைக்குக் கடையில் கேட்ட விஷயம் என் சிரிப்பைக் கொஞ்சம் குறைத்தது.

*

கடையில் கல் மதிப்புப் பார்ப்பவர் ஒரு முதியவர். தோட்டைக் கையில் வாங்கியதும் விளக்கடியில் பார்க்கவில்லை. வாசற்பக்கம் கொண்டுபோய், வெயில் நேராகப் படாத வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடை விளக்கில் கண்ணாடித் துண்டுகூட மின்னும், ஸார். நிழல் வெளிச்சத்தில் மின்னுகிறதா என்று பார்க்க வேண்டும்" என்றார்.

பிறகு உட்கார்ந்து, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணில் வைத்துக்கொண்டார். அவர் பார்த்துக்கொண்டே சொன்னதையும், நான் படித்தறிந்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

வைரத்துக்கு நான்கு கணக்குகள் உண்டு. முதலாவது எடை. ஒரு காரட் என்பது 200 மில்லிகிராம். அதாவது ஒரு கிராமில் ஐந்தில் ஒரு பங்கு. அதை நூறாகப் பிரித்து 'சென்ட்' என்பார்கள். எடையில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பத்து சென்ட் கற்கள் பத்துச் சேர்ந்தால் எடை ஒரு காரட்தான். ஆனால் ஒரே கல்லாக ஒரு காரட் இருந்தால் அதன் விலை எங்கேயோ போய்விடும். பெரிய கல் அபூர்வம் என்பதே காரணம்.

இரண்டாவது நிறம். சாதாரணமாக வைரம் எவ்வளவுக்கெவ்வளவு நிறமற்றதோ அவ்வளவுக்கவ்வளவு உயர்வு. அமெரிக்காவிலுள்ள ரத்தின ஆராய்ச்சி நிலையம் ஒன்று 1950-களில் வகுத்த முறைப்படி, நிறமே இல்லாத கல்லுக்கு 'டி' என்று பெயர். மஞ்சள் ஏற ஏற எழுத்தும் இறங்கி 'இஸட்' வரையில் போகும். மூன்றாவது தெளிவு. உள்ளே இருக்கும் கீற்று, புள்ளி, கறைகளை லென்ஸில் பார்த்து, மாசற்றது தொடங்கிப் பதினொரு படிகளாகப் பிரிக்கிறார்கள்.

"இளங்கோவடிகள் நான்கு குற்றம் சொன்னார்; இவர்கள் பதினொரு படி சொல்லுகிறார்கள்!" என்றேன்.

முதியவர் சிரித்தார். "காகபாதம் என்று பெரியவர்கள் பயந்தது சும்மா இல்லை, ஸார். வைரத்தை எதுவும் கீறாது. ஆனால் ஓங்கித் தட்டினால் பிளந்துவிடும். உள்ளே கிளைத்த கீற்று இருந்தால் கேட்கவே வேண்டாம். பட்டை தீட்டும்போதோ, கல் கட்டும்போதோ இரண்டாகப் போய்விடும். போட்ட பணம் போயிற்று. குடும்பத்துக்கு ஆகாது என்றால் பின்னே என்ன?"

நான்காவது கணக்குத்தான் முக்கியமானது. அது பட்டை. முதல் மூன்றும் பூமி கொடுத்தவை. நான்காவது மனிதன் கொடுப்பது. வைரத்துக்குள் நுழைந்த ஒளி சுலபத்தில் வெளியே வராது. உட்புறத்துப் பட்டையில் அது ஏறக்குறைய 24½ டிகிரிக்கு மேற்பட்ட சாய்வில் மோதினால் திரும்பி உள்ளேயே ஓடும். கண்ணாடிக்கு இந்த எல்லை சுமார் 42 டிகிரி. ஆகையால் பட்டைகளைச் சரியான கோணத்தில் தீட்டினால், மேலே விழுந்த ஒளியெல்லாம் உள்ளே சுற்றி, வர்ணங்களாகச் சிதறி, மறுபடியும் மேல்வழியாகவே பார்ப்பவர் கண்ணுக்கு வரும். கல் ஆழம் குறைந்தாலும் கூடினாலும் ஒளி அடிவழியே கசிந்துவிடும்; கல் செத்துக் கிடக்கும். மார்ஸெல் டோல்கோவ்ஸ்கி என்பவர் இந்தக் கோணங்களைக் கணக்கிட்டு 1919-ல் ஒரு நூல் வெளியிட்டார். இன்று வட்ட வைரத்துக்கு 57 பட்டைகள் தீட்டுவது வழக்கமாக இருக்கிறது.

பட்டையின் மகிமைக்கு நம் கோஹினூரே சாட்சி. 1720-களில் பிரேஸில் தேசத்தில் வைரம் கண்டுபிடிக்கும் வரையில், உலகத்துக்கு வைரம் கொடுத்தது பெரும்பாலும் நம் பாரத பூமிதான். கிருஷ்ணா நதிக்கரைக் கற்கள் கோல்கொண்டாச் சந்தை வழியாகப் பல தேசங்களுக்கும் போயின. நம்மவர்கள் கல்லின் எடை குறையாமல் தீட்டுவதையே பெருமையாக நினைத்தார்கள். 1849-ல் பஞ்சாபின் பால அரசர் துலீப் சிங்கிடமிருந்து ஆங்கிலேயர் கோஹினூரைக் கைப்பற்றினார்கள். 1851-ல் லண்டன் பொருட்காட்சியில் அதை வைத்தபோது, பார்க்க வந்த கூட்டம், "இவ்வளவுதானா? மின்னவே இல்லையே!" என்று ஏமாந்து திரும்பிற்றாம். மறுவருஷம் அதை மறுபடியும் தீட்டினார்கள். 186 காரட்டாக இருந்த கல் ஏறக்குறைய 106 காரட்டாகச் சுருங்கியது. நம்முடைய கல்லை எடுத்துக்கொண்டு போனதும் அல்லாமல், பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தேய்த்தும் விட்டார்கள் என்று நினைத்தால் நெஞ்சு கொதிக்கிறது. ஆனால் எடை போனதும் ஒளி வந்தது என்பதையும் மறுக்க முடியாது. இன்று அந்தப் பட்டை வித்தையே நம்மிடம் வந்துவிட்டது. உலகத்தில் பட்டை தீட்டப்படும் வைரங்களில், எண்ணிக்கையில் பத்துக்கு ஒன்பது குஜராத்திலுள்ள சூரத்தில் நம் தொழிலாளிகளின் கையால் ஒளி பெறுகின்றன.

*

"ப்ளூ ஜாகர் தானே?" என்று நண்பர் பொறுமையிழந்து கேட்டார்.

தென்னாப்பிரிக்காவில் ஜாகர்ஸ்பான்டைன் என்ற சுரங்கம் ஒன்று இருந்தது. 1893-ல் எக்ஸெல்ஸியர் என்ற பிரம்மாண்டமான வைரம் அங்கேதான் கிடைத்தது. அந்தச் சுரங்கத்துக் கற்கள் சில, வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் பட்டால் மெல்லிய நீல ஒளி வீசும். அந்தப் பெயர்தான் தமிழ்நாட்டுக்கு வந்து ப்ளூ ஜாகர் ஆயிற்று. சுரங்கம் 1971-ல் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் நம் கல்யாண வீடுகளில் நிலைத்துவிட்டது. எந்தச் சுரங்கத்திலிருந்து வந்த கல்லானாலும், நீலம் காட்டினால் ப்ளூ ஜாகர்தான்!

முதியவர் பேனா போன்ற சிறு கருவி ஒன்றை எடுத்தார். எந்தப் பொருளைக் காட்டிலும் வேகமாக உஷ்ணத்தைக் கடத்துவது வைரம். தாமிரத்தைவிடச் சுமார் ஐந்து மடங்கு. கருவியின் நுனி வைரத்தில் பட்டால் அது சத்தம் கொடுக்கும். மற்றச் சாதாரணக் கற்களில் பட்டால் மௌனமாக இருக்கும். வலது காதுத் தோட்டில் ஒவ்வொரு கல்லாகத் தொட்டுக்கொண்டு வந்தார். ஆறு முறை சத்தம் கேட்டது. ஏழாவதில் கேட்கவில்லை. மறுபடி தொட்டார், கேட்கவில்லை. இடது தோட்டிலும் அப்படியே.

"தம்பி, பன்னிரண்டு கல் வைரம். நல்ல பழைய கல். இரண்டு மட்டும் வெள்ளைக்கல்" என்றார்.

நண்பரின் முகம் வெளுத்துவிட்டது. அவருடைய சந்தேகம் எங்கெங்கே ஓடிற்று என்பதை என்னால் ஊகிக்க முடிந்தது. விற்றவன் ஏமாற்றினானா? எப்போதோ மெருகு போடக் கொடுத்தபோது மாற்றிவிட்டார்களா? எனக்கோ அந்த நிமிஷத்தில் வேறொரு நினைவு வந்தது. இதே மதுரையில் ஒரு பெண் தன் காற்சிலம்பை உடைத்து, உள்ளே இருந்த கல் மாணிக்கம் என்று காட்டினாள். அரசியின் சிலம்பில் இருந்ததோ முத்து. ஒரு கல் சொன்ன சாட்சியால் பாண்டியன் உயிரையே விட்டான். கல் பொய் சொல்லாது. ஆனால் அது சொன்ன உண்மையின் பின்னால் இருக்கும் கதையை மனிதர்களிடம்தான் கேட்க வேண்டும்.

விலையைப் பற்றிப் பேச்சு வந்தது. நண்பர் மனத்தில் வைத்திருந்த தொகை வேறு, முதியவர் சொன்ன தொகை வேறு. தங்கத்துக்குத் தினசரி விலை உண்டு. யார் விற்றாலும் அந்த விலையை ஒட்டிக் கிடைக்கும். வைரத்துக்கு அப்படி இல்லை. வாங்கும்போது கடைக்கு லாபம், விற்கும்போது மறுபடி கடைக்கு லாபம். நடுவில் குறைகிறவர் நாம். "வைரம் சாசுவதம்" என்ற எண்ணத்தை உலகமெங்கும் பரப்பியது, டி பீர்ஸ் கம்பெனிக்காக 1947-ல் அமெரிக்காவில் எழுதப்பட்ட ஒரு விளம்பர வாசகம். கல் சாசுவதமாயிருக்கலாம், அதன் விலை அப்படி அல்ல.

இப்போது இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. 1797-ல் ஸ்மித்ஸன் டெனன்ட் என்ற விஞ்ஞானி வைரத்தை எரித்து, அது வெறும் கரிதான் என்று நிரூபித்தார். அடுப்புக் கரியும் வைரமும் ஒரே மூலப்பொருள்! அப்படியானால் கரியிலிருந்து வைரம் செய்யலாமே என்ற ஆசை 1954-ல் அமெரிக்காவில் நிறைவேறியது. இன்று ஆய்வுக் கூடத்தில் வளர்த்த வைரம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கிறது. அது வெள்ளைக்கல் அல்ல, அசல் வைரமேதான். முதியவரின் பேனாக் கருவி அதற்கும் சத்தம் கொடுக்கும். அதை வேறு பிரித்து அறிய விசேஷ யந்திரங்கள் வேண்டும். விலையோ சுரங்க வைரத்தைவிடப் பல மடங்கு குறைவு. சென்னை ஐ.ஐ.டி.யில் இதற்கென்றே ஓர் ஆராய்ச்சி மையத்துக்கு மத்திய சர்க்கார் 2023-ல் சுமார் 243 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது.

ஒளி ஒன்று, உறுதி ஒன்று, பொருளும் ஒன்று. பிறகு விலை வித்தியாசம் எதற்கு? ஒன்று பூமிக்குள் நூறு மைலுக்குக் கீழே கோடிக்கணக்கான வருஷங்கள் கிடந்து, எரிமலைக் குழம்போடு மேலே வந்தது. மற்றொன்று சில வாரங்களில் விளைந்தது. ஆக, நாம் ஒளிக்கு மட்டும் விலை கொடுப்பதில்லை. அபூர்வத்துக்கும், கல்லின் பூர்வ கதைக்கும் சேர்த்தே கொடுக்கிறோம். அப்படிக் கொடுப்பது தவறென்று நான் சொல்ல வரவில்லை. எதற்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

புறப்படும்போது முதியவர் சொன்ன புத்திமதியை வாசகர்களின் உபயோகத்துக்காக எழுதி வைக்கிறேன். கல்லை நிழல் வெளிச்சத்தில் பாருங்கள். கடையைச் சேராத பரிசோதனை நிலையத்தின் சான்றிதழைக் கேளுங்கள். சுரங்க வைரமா, வளர்த்த வைரமா என்பதைப் பில்லில் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுத்தால் என்ன விலைக்கு எடுப்பார்கள் என்று வாங்குவதற்கு முன்பே கேளுங்கள். எடையில் கொஞ்சம் குறைந்தாலும் பட்டையில் குறையாதீர்கள்.

*

அவனியாபுரம் திரும்பும்வரை நண்பர் வாய் திறக்கவில்லை. வீட்டுத் திண்ணையில் அவருடைய தாயார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நண்பர் தடுமாறியபோது, அந்த அம்மாளே நிமிர்ந்து பார்த்து, "ரெண்டு கல்லு வெள்ளைக்கல்லுன்னு சொல்லியிருப்பானே?" என்றார்.

இருவரும் திகைத்து நின்றோம்.

"நீ காலேஜில சேர்ந்த வருசம் மழையே இல்ல. உங்கப்பா யாருகிட்டப் போய்க் கையேந்துவாரு? காதுக்கு ஒண்ணா ரெண்டு கல்லைக் கழட்டிக் குடுத்துட்டு, அந்த இடத்துல வெள்ளைக்கல்லை வச்சுக் கட்டச் சொல்லிட்டேன். யாருக்கும் வித்தியாசம் தெரியல. உங்கப்பாவுக்கே தெரியாது" என்றார். பிறகு கீரையைப் பார்த்துக்கொண்டே, "பன்னெண்டு இருக்குல்ல? அது இப்ப இவளுக்கு" என்றார்.

நண்பர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தமிழில் வயிரம் என்றால் ரத்தினம் மட்டும் அல்ல. மரத்தின் நடுவில் இறுகிக் கிடக்கும் பாகத்துக்கும் அதுதான் பெயர். வெயிலிலும் மழையிலும் நின்று உழைத்துத் தளராத தேகத்தை 'வயிரம் பாய்ந்த கட்டை' என்கிறோம். அந்த அர்த்தத்தை அன்றைக்குத்தான் நான் சரியாகப் புரிந்துகொண்டேன்.

பன்னிரண்டு கற்களும் பிற்பாடு விலையாயின. முதல் வருஷத்துக் கட்டணத்துக்கும் விடுதிச் செலவுக்கும் அந்தப் பணம் சரியாக இருந்தது. பெண் இப்போது படித்துக்கொண்டிருக்கிறாள். மீந்த இரண்டு வெள்ளைக் கற்களையும் சிறிய ஒற்றைக்கல் கம்மலாகக் கட்டித் தரச் சொல்லி, பாட்டியம்மாள் காதில் போட்டுக்கொண்டிருக்கிறார். போன பொங்கலன்று அவனியாபுரத்துக்குப் போனபோது பார்த்தேன். நிழல் வெளிச்சத்தில் அவை அவ்வளவாக மின்னவில்லை.

"நல்லாயிருக்கா, வாத்தியாரே?" என்று கேட்டார்.

"நன்றாக இருக்கிறது, அம்மா" என்றேன். கல்லைப் பற்றி எனக்குத் தெரிந்ததையெல்லாம் சேர்த்துத்தான் அந்தப் பதிலைச் சொன்னேன்.